யந்திரங்களின் எச்சரிக்கையை அறிவோம்

நாஞ்சில் நாட்டு வயல்கள் ஆண்டுக்கு இருமுறை தொளியுழவு காண்கின்றன. கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியில் அறுவடையாவது கும்பப்பூ. 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை, வழக்கப்படி ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டதும், தோவாளைக் கால்வாய், அனந்தனாறு கால்வாய், நாஞ்சில் நாடு புத்தனாறு கால்வாய் ஆகியவற்றின் வழியே நீர் வயல்களை வந்தடைகிறது. கடைமடை வயலுக்கு நீர் கிடைக்கும் நாட்கள் சிலவே. அச்சில நாட்களுக்குள் உழவு முடிந்து நாற்று நடப்பட்டாக வேண்டும்.

முன்னாளில் இவ்வேலையை ஏர்மாடுகள் செய்தன. மாட்டின் நடையில் சிறு மாறுதல் கண்டாலும் உழவர் உடனே அறிந்துகொள்வார். தீவனம் குறைந்ததா, குளம்பில் முள் தைத்ததா என்று பார்க்காமல் அதை மறுநாள் ஏரில் பூட்டமாட்டார். இன்று அம்மாடுகளின் இடத்தில் டிராக்டரும் பவர் டில்லரும் வந்துவிட்டன. நாற்றையும் உரத்தையும் ஏற்றிச் செல்லச் சிறு சுமை வண்டிகளும், குடும்பத்தின் உபயோகத்திற்கு மோட்டார் கார்களும் கிராமங்களில் பெருகியுள்ளன. ஆனால் மாட்டின் நடையைக் கவனித்த அதே கண்ணோடு யந்திரத்தின் நடையைக் கவனிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. யந்திரமும் தன் நோயை முன்னதாகவே சொல்கிறது. முகப்புப் பலகையில் எரியும் விளக்காலும், ஓசையாலும், வாடையாலும், மிதிகட்டையின் தன்மையாலும் சொல்கிறது. அதைக் கேட்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு டிராக்டரின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், கும்பப்பூவுக்குரிய உழவின்போது, ஒரு கிராமத்தில் வாடகைக்கு உழுதுகொண்டிருந்த டிராக்டர் ஒன்று நடுவயலில் நின்றுவிட்டது. அதை நம்பி ஆறு குடும்பத்தார் தம் வயல்களில் நீர் கட்டியிருந்தனர். நான் அவ்வழியே சென்றபோது விசாரித்தேன். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் செவ்விளக்கு எரிந்ததா என்று கேட்டதற்கு, அது பத்து நாட்களாகவே எரிந்துகொண்டிருப்பதாக டிரைவர் கூறினார். தொடக்கத்தில், விளக்கிற்குச் செல்லும் கம்பி ஓரிடத்தில் உராய்ந்து இரும்பைத் தொட்டிருந்தது. எண்ணெய் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தது. அது வெறும் கம்பிக் கோளாறு என்று அறிந்து, வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிட்டனர். பத்தாம் நாள் எண்ணெய் வடிகட்டியின் அருகே கசிவு ஏற்பட்டு, எண்ணெய் உண்மையிலேயே வடிந்துவிட்டது. அன்றும் அதே விளக்குத்தான் எரிந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எஞ்சினின் உள்ளே தாங்கிகள் உருகி இறுகிவிட்டன.

சில ரூபாய்க் கம்பிக்காக எஞ்சினே பழுதாயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், கட்டிய நீர் வற்றி, நாற்று முற்றி, ஆறு குடும்பத்தாரின் நடவும் பிந்தியதாகும். இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. பொய்யாக எரியும் விளக்கை உடனே திருத்தாவிட்டால், மெய்யாக எரியும் நாளில் அது பயன்படாது.

விளக்குகளின் நிறமும் பொருளும்

எச்சரிக்கை விளக்குகளின் நிறங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே முறையில் அமைந்துள்ளன. சிவப்பு, உடனே நிறுத்து என்று பொருள்படும். மஞ்சள், கவனம் தேவை, விரைவில் பரிசோதித்துக்கொள் என்று பொருள்படும். பச்சையும் நீலமும் ஏதோ ஒரு சாதனம் இயங்குகிறது என்பதை மட்டும் தெரிவிப்பவை. உதாரணமாக, நீல விளக்கு முகப்பு விளக்கின் தூர ஒளியைக் குறிக்கும்.

சாவியைத் திருப்பியவுடன், எஞ்சினை இயக்குமுன், எண்ணெய் விளக்கும் மின்னேற்ற விளக்கும் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். நாள்தோறும் காலையில் இதைக் காண்பது அரை நிமிட வேலை. சாவியைத் திருப்பியும் ஒரு விளக்கு எரியாவிட்டால், பல்போ கம்பியோ பழுதாகிவிட்டது என்று அறிய வேண்டும். எரியும் விளக்கைவிட, எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கே பேரபாயமானது. ஏனெனில், அது நாம் நம்பியிருக்கும் காவற்காரன் உறங்கிவிட்டான் என்பதற்கு அடையாளம்.

எண்ணெய் விளக்கு. எண்ணெய்க் குடுவை வடிவமுள்ள செவ்விளக்கு இது. எஞ்சினின் சுழல்தண்டு தன் தாங்கிகளின்மேல் நேராக உராய்வதில்லை. இடையே அழுத்தத்துடன் செலுத்தப்படும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. அப்படலம் அற்றுப்போனால் இரும்பு இரும்போடு உராய்ந்து சில நிமிடங்களில் அழியும். ஆகவே இவ்விளக்கு எரிந்தால், வயலின் மறுகோடி வரையிலாவது ஓட்டிவிடலாம் என்று எண்ணலாகாது. அவ்விடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். வண்டி சமதரையில் நிற்கும்படி பார்த்து, சில நிமிடங்கள் கழித்து அளவுக்கோலை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் கசிவு எங்கே என்று தேடி, எண்ணெய் ஊற்றி, பிறகு எஞ்சினை இயக்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையாவிடில் எஞ்சினை இயக்காமல் மெக்கானிக்கை அழைப்பதே முறை.

விளக்குப் பொய் சொல்கிறதா என்று அறியவும் எளிய வழியுண்டு. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது, எஞ்சினில் பொருத்தப்பட்டுள்ள சிறு ஸ்விட்சு மின்சுற்றை மூடி விளக்கை எரியச் செய்கிறது. அழுத்தம் ஏறியதும் சுற்றைப் பிரித்து அணைக்கிறது. எஞ்சினை ஓட்டாமல், சாவியை மட்டும் திருப்பி வைத்து, அந்த ஸ்விட்சிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டால் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் கம்பி வழியில் எங்கோ இரும்பைத் தொடுகிறது. அணைந்துவிட்டால் கம்பி நன்றாக உள்ளது. குறை ஸ்விட்சிலோ எண்ணெய் அழுத்தத்திலோ இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய மெக்கானிக் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இவ்வகைக் கம்பி இணைப்பு பழைய ஜீப்புகளிலும் பெரும்பாலான டிராக்டர்களிலும் உள்ளது.

மின்னேற்ற விளக்கு. பாட்டரி வடிவமுள்ள இவ்விளக்கைக் கண்டதும் பலர் புதிய பாட்டரி வாங்கிவிடுகின்றனர். உண்மையில் இது பாட்டரியின் நோயைக் கூறுவதன்று. மின்சாரம் உண்டாக்கும் சாதனம் பாட்டரிக்கு மின்சாரம் அளிக்கவில்லை என்பதையே கூறுகிறது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், இணைப்புக் கம்பி கழன்றிருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் கார்பன் தேய்ந்திருக்கலாம். பல டிராக்டர்களில் ஒரே பெல்ட்தான் மின்சாதனத்தையும், விசிறியையும், நீர் பம்பையும் சுழற்றுகிறது. ஆகவே மின்னேற்ற விளக்கு எரிந்து, அதையடுத்து வெப்பமானியின் முள்ளும் ஏறினால், முதலில் பார்க்க வேண்டியது பெல்ட்டையே. இரண்டு குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் ஒன்றே என்பது விளங்கும்.

வெப்ப விளக்கு. பெல்ட் சரியாக இருந்தும் எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசியும், உழவுக் காலத்தில் சேறும் அதன் கண்களை அடைத்துவிடுகின்றன. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் சீறியடிக்கும். எஞ்சின் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை.

மஞ்சள் எஞ்சின் விளக்கு. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்கப்படும் கார்கள் பி.எஸ். ஆறாம் நிலை விதிகளுக்கு உட்பட்டவை. இவற்றில் எஞ்சினை ஒரு சிறு கணிப்பொறி இடைவிடாது கண்காணித்து, பிழை கண்டால் மஞ்சள் விளக்கை ஏற்றி, அப்பிழைக்குரிய குறியெண்ணைத் தன் நினைவில் பதிவு செய்கிறது. பட்டறையில் ஒரு கருவியைப் பொருத்தி அதைப் படிக்கலாம். ஆனால் குறியெண் எந்தச் சுற்றில் பிழை தோன்றியது என்பதையே காட்டும். எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று கட்டளையிடாது. ஓர் உணர்கருவியின் பெயர் வந்தவுடன் அதையே மாற்றிவிடுவது, காய்ச்சலைக் காட்டியதற்காக வெப்பமானியை மாற்றுவது போலாகும். கம்பியையும் இணைப்பையும் முதலில் சோதிக்க வேண்டும். காரணம் காணுமுன் குறியெண்ணை அழித்துவிடுவதும் தவறு; அது சாட்சியத்தை அழிப்பதாகும். பெட்ரோல் காரில் இவ்விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குச் செல்லலாம். விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்த வேண்டும்.

2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கும் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆகையால் இவ்வகை விளக்குகள் இனி வயலிலும் காணப்படும்.

கிளட்சும் கியர்ப்பெட்டியும்

எஞ்சினில் பிறக்கும் ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்லும் கிளட்சுக்கும் கியர்ப்பெட்டிக்கும், நமது பெரும்பாலான டிராக்டர்களிலும் ஜீப்புகளிலும் எச்சரிக்கை விளக்கு கிடையாது. அவை காதுக்கும் காலுக்கும் மூக்குக்கும் தெரியும்படியே பேசுகின்றன. கியர்ப்பெட்டியைப் பிரிப்பது பெருஞ்செலவும் பல நாள் தாமதமும் உண்டாக்கும் வேலை. ஆகவே பிரிக்குமுன், பின்வரும் எளிய சோதனைகளைச் செய்வது அவசியம்.

எஞ்சின் இரைந்தும் வண்டி அதற்கேற்ப நகராமல், கருகிய வாடை வீசினால், கிளட்சு வழுக்குகிறது. ஏற்றத்திலும் சேற்றிலும் பாரம் இழுக்கும்போதும் இது முதலில் தெரியும். கிளட்சுத் தட்டு தேயத் தேய, மிதிகட்டையின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய தளர்ந்த அசைவு குறைந்துகொண்டே வரும். அது முற்றிலும் அற்றுப்போனால் தட்டு முழுமையாகப் பற்றாது. இந்நிலையில், யந்திரத்தோடு தரப்பட்ட கையேட்டில் கண்ட அளவுக்குத் திருகாணியைச் சரிசெய்தாலே பலவேளைகளில் போதும். சரிசெய்த பின்னும் வழுக்கினால் மட்டுமே தட்டு தேய்ந்தது அல்லது அதில் எண்ணெய் படிந்தது என்று கொள்ள வேண்டும். ஓட்டும்போதெல்லாம் காலை மிதிகட்டையின்மேல் வைத்திருக்கும் பழக்கமே தட்டு விரைவில் தேய்வதற்கு முக்கியக் காரணம்.

கிளட்சை முழுவதும் மிதித்தும் கியர் கரகரவென்று உரசிக்கொண்டு விழுந்தால், கிளட்சு முழுமையாக விடுபடவில்லை. வண்டி நிற்கையில், கிளட்சை மிதித்து ஐந்து விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் உரசினால் குறை கிளட்சில் இருக்கிறது. மிதிகட்டையின் அசைவு மிகுந்துவிட்டதா, எண்ணெயால் இயங்கும் கிளட்சாயின் அதில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். கியர்ப்பெட்டியைக் குறைகூறுவதற்கு அப்போது இடமில்லை.

ஓசையைப் பிரித்தறிவதற்கும் ஒழுங்குண்டு. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால் மட்டும் ஓசை எழுமாயின், கிளட்சை விடுவிக்கும் பேரிங் தேய்ந்துள்ளது. மிதிக்காதபோது ஓசை இருந்து, மிதித்ததும் மறையுமாயின், கியர்ப்பெட்டியின் நுழைவுத் தண்டிலுள்ள பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் ஓசை எழுந்தால் அந்தக் கியருக்குரிய பற்சக்கரத்திலேயே குறை. கியர் தானாகவே நழுவி வெளியேறினால், முதலில் கியர்க்கம்பியின் இணைப்புகளைப் பார்த்து, பிறகே உள்ளுறுப்புகளைக் கருத வேண்டும்.

பவர் டில்லர்களில் பெல்ட் தளர்ந்து வழுக்குவதும் கிளட்சு வழுக்குவதைப் போலவே தோன்றும். ஆகவே அங்கு பெல்ட்டின் இறுக்கத்தை முதலில் சோதிக்க வேண்டும்.

கார் வாங்கும் கிராமத்தார் கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு. 2014-ஆம் ஆண்டில் மாருதி நிறுவனத்தின் செலரியோ காரில் அறிமுகமான, தானே கிளட்சை இயக்கும் கியர் முறை இன்று பரவிவிட்டது. இவற்றில் கிளட்சு மிதிகட்டைதான் இல்லையேயன்றி, கிளட்சு உள்ளே இருக்கிறது. ஏற்றத்தில் வண்டியை பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டராலேயே நிறுத்திவைத்தால் அது கருகிவிடும்.

தொளியில் புகும் நீர்

நமது பகுதிக்கே உரிய நோய் ஒன்று உண்டு. அதுவே கியர்ப்பெட்டியினுள் நீர் புகுதல். இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டித் தொளியில் உழும்போது அச்சு வரையில் சேறு ஏறுகிறது. சேற்றோடு சுற்றிக்கொள்ளும் தாளும் நாரும் அச்சின் ரப்பர் அடைப்புகளை அறுத்துவிடுகின்றன. அன்றியும், சூடேறிய கியர்ப்பெட்டி குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத்துளை அடைபட்டிருந்தால், பழுதான அடைப்பின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது.

பல டிராக்டர்களில் கியர்ப்பெட்டி, பின்அச்சு, ஏர்க்கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் சாதனம் ஆகிய அனைத்திற்கும் எண்ணெய் ஒன்றே. எனவே அதில் நீர் கலந்தாலோ அளவு குறைந்தாலோ, முதலில் தெரியும் அறிகுறி கலப்பை மெதுவாகவோ உதறியோ மேலெழுவதாகும். உடனே அளவுக்கோலை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் மோரைப் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. சந்தேகம் இருப்பின், சூடான இரும்புக் கரண்டியில் ஒரு துளி எண்ணெயை விட்டுப் பார்க்கலாம். நீர் கலந்த எண்ணெய் படபடவென்று வெடிக்கும். இரவு முழுதும் வண்டியை நிறுத்தி, காலையில் அடிப்புறத் திருகாணியைச் சற்றே தளர்த்தினால், அடியில் தங்கிய நீர் முதலில் வெளிவருவதும் உண்டு.

நீர் கலந்த எண்ணெயுடன் உழவைத் தொடர்வது பேரிங்குகளைத் துருவேறச் செய்யும். எண்ணெயை முழுவதும் வடித்து, அடைப்புகளை மாற்றிப் புதிய எண்ணெய் ஊற்றுவதற்கு ஆகும் செலவு, கியர்ப்பெட்டியைப் புதுப்பிக்கும் செலவில் ஒரு சிறு பகுதியே. வடித்த எண்ணெயில் காணும் இரும்புத் துகளும் பேசும். காந்தத் திருகாணியில் சாம்பல் நிறக் குழம்பு சிறிது ஒட்டியிருப்பது இயல்பான தேய்வு. பளபளக்கும் சில்லுகளோ பல்லின் துண்டோ கிடைத்தால், அதுவே கியர்ப்பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய தருணம். வடித்த எண்ணெயை வாய்க்காலில் விடலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

வைத்தியர் நாடியைப் பிடிக்குமுன் நோயாளியை விசாரிக்கிறார். மெக்கானிக்கிடமும் “கியர் போய்விட்டது” என்று முடிவைச் சொல்லாமல், கண்ட குறிகளைச் சொல்ல வேண்டும். எந்த விளக்கு, எந்நிறம். எஞ்சின் சூடேறிய பின்னரா, முன்னரா. எந்தக் கியரில், பாரம் இழுக்கையிலா, வெறுமையிலா. கிளட்சை மிதித்தபோது ஓசை மாறியதா. கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றப்பட்டது? இவற்றை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதிவைக்கும் டிரைவர், பட்டறையில் வீண் செலவைத் தவிர்ப்பார். வாடகைக்கு யந்திரம் எடுப்பவர் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டுப் பார்ப்பதும் நல்லது.

எச்சோதனையாயினும், பெல்ட்டையோ அச்சையோ தொடுமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, கலப்பையைத் தரையில் இறக்கிவிட வேண்டும். இது விட்டுக்கொடுக்கத்தகாத விதி.

கிராமங்கள் செய்யக்கூடியது

2014-15-ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் யந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் வாடகை மையங்கள் பல ஏற்பட்டுள்ளன. வேளாண்மைப் பொறியியல் துறையும் யந்திரங்களை வாடகைக்கு அளிக்கிறது. ஊருக்குப் பொதுவான யந்திரம் ஒருவருடைய கவனக்குறைவால் நின்றால் நஷ்டம் பலருடையது. ஆகவே நீர் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னரே, ஒவ்வொரு ஊராட்சியிலும் டிராக்டர் உரிமையாளர்களும் டிரைவர்களும் ஒருநாள் கூடி, விளக்குகள் அனைத்தும் முறைப்படி எரிந்து அணைகின்றனவா, பெல்ட் இறுக்கமாக உள்ளதா, கிளட்சின் அசைவு சரியா, அச்சின் அடைப்புகள் கசிகின்றனவா, கியர் எண்ணெய் தெளிவாக உள்ளதா என்ற ஐந்தையும் பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. அரைநாள் உழைப்பும் சிறிது அக்கறையும் போதும்.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அடுத்த முறை கால்வாயில் நீர் வரும் நாளில், எந்த உழவரும் நின்றுபோன யந்திரத்தின் அருகே கைகட்டி நிற்கும் நிலை நேராதிருக்க, இன்று மாலையே கொட்டகைக்குச் சென்று சாவியைத் திருப்பி, எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்துவிடுவோமாக.